வீடு மாறவே இல்லை, மாவட்டம் மட்டும் நாலு

போன மாசம் ஒரு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கப் போயிருந்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. கவுண்டரில் இருந்தவர் என் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னைப் பார்த்தார்.

"இன்னாப்பா, எத்தினி வாட்டி வூடு மாத்துனீங்க?"

"ஒரு வாட்டி கூட இல்ல சார்."

அவர் நம்பவில்லை. அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. தாத்தாவின் நிலப்பத்திரம், 1972: வட ஆற்காடு மாவட்டம். அப்பாவின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், 1991: வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். என் பிறப்புச் சான்றிதழ், 2004: வேலூர் மாவட்டம். புதுப்பித்த ஆதார் அட்டை: திருப்பத்தூர் மாவட்டம். ஒரே குடும்பம், ஒரே தெரு, ஒரே புளியமரம். மாவட்டம் மட்டும் நாலு.

"எல்லாத்துலயும் ஒரே மாவட்டம் வர்ற மாதிரி எடுத்துக்கினு வா" என்று அனுப்பிவிட்டார். தாத்தாவின் 1972 பத்திரத்தில் 2019இல் பிறந்த மாவட்டத்தை எப்படி வரவைப்பது என்று அவர் சொல்லவில்லை :-)

பஸ்ஸில் திரும்பி வரும்போது கோபம் போய்விட்டது, ஆனால் ஒரு கேள்வி மட்டும் ஒட்டிக்கொண்டது. நான் இருக்கிற இந்த மாவட்டம் என்பது சரியாக என்ன? எங்கே ஆரம்பிக்கிறது, எப்போது ஆரம்பித்தது, அதில் எத்தனை பேர்? பரீட்சைக்குப் படிக்கவேண்டிய ஒரு வாரத்தை இதைத் தேடுவதில் தொலைத்தேன். (அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்.) கிடைத்ததை எழுதுகிறேன். நடுவில் கொஞ்சம் கணக்குப்பதிவியலும் வரும், பி.காம். படிக்கிறவனிடம் மாட்டிக்கொண்டால் அப்படித்தான்.

எங்கே இருக்கிறது?

சென்னையிலிருந்து பெங்களூருக்கு ரயிலிலோ ரோட்டிலோ போனவர்கள் எங்கள் ஊரைப் பார்த்திருப்பீர்கள். பார்த்திருக்காவிட்டாலும் மூக்கு சொல்லியிருக்கும். இரண்டு பக்கமும் மலை, நடுவில் ஒரு நீளமான பள்ளத்தாக்கு, அதன் அடியில் பாலாறு. ஆற்றுக்குத் தெற்கே ஜவ்வாது மலையும் ஏலகிரியும். வடக்கே ஆந்திர எல்லையோரம் இன்னொரு மலைவரிசை. வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா, வேலூர், ஆற்காடு, வாலாஜா எல்லாம் ஆற்றோரமாகக் கொடியில் துணி காயப்போட்ட மாதிரி வரிசையாக இருக்கும். ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் அதே பள்ளத்தாக்கில்தான் ஓடுகின்றன, வேறு வழி இல்லை.

பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறக்கிறது. கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222. மொத்தம் 348. வாணியம்பாடிக்கு மேலே புல்லூர் அருகே நம் மாநிலத்துக்குள் நுழைந்து, கல்பாக்கம் பக்கம் வயலூரில் கடலுக்குப் போகிறது. 'போகிறது' என்று எழுதப் பழகிவிட்டோம். பெரும்பாலான வருஷங்களில் அதில் போவது மணல் லாரி, மாடு, கிரிக்கெட் பந்து. நாங்கள் பள்ளிக்கூட நாட்களில் மேட்ச் ஆடிய மைதானம் ஆற்றுக்கு நடுவில்தான் இருந்தது.

ஆனால் ஆறு செத்துவிட்டது என்று யாராவது சொன்னால் ஆயா ஒத்துக்கொள்ளாது. 1903 நவம்பரில் மைசூர் பக்கத்து ஏரிகள் உடைந்து, பாலாற்றில் வெள்ளம் வந்து, வாணியம்பாடியில் ஏகப்பட்ட பேரை அடித்துக்கொண்டு போனது. அதற்கு அந்த ஊரில் ஒரு நினைவுத் தூண் இன்னும் நிற்கிறது. 2021 நவம்பரிலும் ஆறு கரை தொட்டு ஓடியது. அன்றைக்கு ஊரே பாலத்தின் மேல்தான். ஆயா தேங்காய் உடைத்து கற்பூரம் காட்டிவிட்டு வந்து, "ஆறு எங்கயும் போவல, தூங்கிக்கினு கீது" என்றது.

எப்போது ஆரம்பித்தது?

இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் வட ஆற்காடு ஜில்லா என்று ஒன்று இருந்தது. அதற்குத் தலைமையிடம் வேலூர் இல்லை, சித்தூர்! 1911இல் சித்தூரைத் தனி மாவட்டமாகப் பிரித்த பிறகுதான் வேலூர் தலைமையிடமானது.

அதைவிட எனக்கு ஆச்சரியமாக இருந்தது இன்னொன்று. அதே 1911 வரை ஆம்பூர் வட ஆற்காட்டில், வேலூர் தாலுகாவில் இருந்தது. பக்கத்தில் இருக்கும் வாணியம்பாடியோ சேலம் மாவட்டம், திருப்பத்தூர் தாலுகா! இன்றைக்கு பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு பாக்கெட் வேர்க்கடலை முடிவதற்குள் வந்துவிடும் ஊர், அன்றைக்கு வேறு ஜில்லா. காரணம் போர்தான். திருப்பத்தூர்ப் பக்கம் பாராமகால் என்ற பகுதியில் சேர்ந்தது. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து அது கம்பெனி கைக்கு வந்தது. அதை நிர்வாகம் செய்ய வந்த அலெக்சாண்டர் ரீட் திருப்பத்தூரில்தான் உட்கார்ந்தார். ஆக, "திருப்பத்தூர் என்ன மாவட்டத் தலைநகர் ஆகிற ஊரா?" என்று 2019இல் கேலி செய்த வேலூர் நண்பர்களே, இருநூறு வருஷத்துக்கு முன்பே அங்கே கலெக்டர் இருந்தார் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன் :-)

பிறகு நடந்தது வேகமாகச் சொல்லிவிடலாம். 1989 செப்டம்பர் 30இல் வட ஆற்காடு இரண்டானது: திருவண்ணாமலை சம்புவராயர், வட ஆற்காடு அம்பேத்கர். 1990களின் பின்பாதியில் மாவட்டங்களுக்கு இருந்த தலைவர்கள் பெயரெல்லாம் போய், எங்களுடையது வேலூர் மாவட்டமானது. 2019 ஆகஸ்ட் 15 சுதந்திர தின உரையில் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அதை மூன்றாகப் பிரிப்பதாக அறிவித்தார். நவம்பர் 28இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின.

சரித்திரப் பாடத்தில் எங்கள் பங்குக்கு மூன்று விஷயம் உண்டு. 1749 ஆகஸ்ட் 3இல் ஆம்பூரில் நடந்த சண்டை. அதில்தான் ஆற்காடு நவாப் அன்வருதீன் கான் செத்தார், கர்நாடகப் போர்கள் சூடுபிடித்தன. 1751இல் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டைக்குள் இருந்துகொண்டு முற்றுகையைச் சமாளித்தது. 1806 ஜூலை 10இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தது. முன்பெல்லாம் மூன்றும் ஒரே மாவட்டம். இப்போது ஆம்பூர் திருப்பத்தூரில், ஆற்காடு ராணிப்பேட்டையில், கோட்டை வேலூரில். பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் ஆளுக்கொரு பாத்திரம் கிடைத்த மாதிரி. வேலூர்ப் புரட்சிக்கு ஒரு காரணம் சிப்பாய்களுக்குக் கொடுத்த புதுத் தலைப்பாகை, அதில் வைத்திருந்த தோல் குஞ்சம். தோல் எங்கள் கதையை விட்டு எங்கே போகும்!

இன்னொரு வேடிக்கை. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டம். ஆனால் பாராளுமன்றத் தொகுதி வேலூர். திருப்பத்தூர் ஊருக்கோ பாராளுமன்றத் தொகுதி திருவண்ணாமலை. எங்கள் கலெக்டர் ஒரு திசை, எங்கள் எம்.பி. இன்னொரு திசை. மனு எழுதுகிறவர்களுக்குப் பிழைப்பு நன்றாக நடக்கும்.

எத்தனை பேர்?

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வேலூர் மாவட்டத்தில் 39,36,331 பேர். ஆயிரம் ஆண்களுக்கு 1,007 பெண்கள். எழுத்தறிவு 79.17 சதவீதம், மாநில அளவைவிட (80.09) ஒரு மயிரிழை கம்மி. மூன்றாகப் பிரித்த பிறகு அதே எண்ணையும் பிரித்துப் போட்டார்கள். வேலூருக்கு 16,14,242. ராணிப்பேட்டைக்கு 12,10,277. திருப்பத்தூருக்கு 11,11,812. பழக்கதோஷத்தில் கால்குலேட்டரை எடுத்துக் கூட்டினேன். 39,36,331. ஒரு ஆள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இருப்பாய்வு போட்டு முதல் தடவையே டேலி ஆனது என் வாழ்க்கையில் இதுதான் முதல்முறை.

சந்தோஷமாக ஆயாவிடம் போய்ச் சொன்னேன். "நம்ம மாவட்டத்துல பதினொரு லட்சம் பேரு, ஆயா."

ஆயா வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்டது: "அதுல உங்க தாத்தா கீறாரா?"

அப்போதுதான் உறைத்தது. இருக்கிறார்.

2011 பிப்ரவரியில் எங்கள் தெருவுக்குக் கணக்கெடுக்க ஒரு டீச்சர் வந்தது எனக்கு மங்கலாக ஞாபகம் இருக்கிறது. நான் இரண்டாம் வகுப்பு. திண்ணையில் உட்கார்ந்து தாத்தாதான் பதில் சொன்னார். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அவர் பெயர். ஆயா, அப்பா, அம்மா, நான். மொத்தம் ஐந்து. தாத்தா 2016இல் தவறிவிட்டார். தங்கை 2012இல் பிறந்தவள், இப்போது எட்டாம் வகுப்பு. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனது. அதனால் அரசாங்கத்தின் கடைசிக் கணக்கில் எங்கள் வீட்டில் தாத்தா இருக்கிறார், தங்கை இல்லை. 11,11,812இல் செத்துப்போனவர் ஒரு தலை. என் பேனாவை தினம் திருடுகிற, உயிரோடு இருக்கிற ஒரு ஜீவன் பூஜ்ஜியம்.

கணக்குப்பதிவியலில் அனாமத்துக் கணக்கு என்று ஒன்று உண்டு. எங்கே எழுதுவது என்று தெரியாத தொகையை, தப்பு கண்டுபிடிக்கும்வரை அதில் போட்டு வைப்பார்கள். தங்கை அதில் இருக்கிறாள் என்று சொன்னேன். "போடா, உன் கணக்குல நீயே இரு" என்றாள்.

சிரித்தாலும் விஷயம் சின்னதில்லை. ரேஷன், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குடிநீர் என்று எந்தத் திட்டம் போட்டாலும் ஆட்கள் எத்தனை என்ற கேள்வியில்தான் ஆரம்பம். அந்தக் கேள்விக்கு எங்கள் மாவட்டம் சொல்லும் பதில், அந்த மாவட்டம் பிறப்பதற்கு எட்டு வருஷம் முன்பு எண்ணியது. போன வருஷத்து இறுதி இருப்புதான் இந்த வருஷத்துத் தொடக்க இருப்பு என்று படிக்கிறோம். இங்கே நடுவில் பல வருஷத்துப் பேரேட்டையே காணோம்.

எண்ணுக்குள் இருப்பவர்கள்

சரி, பழைய கணக்கே ஆனாலும் அதில் ஊர் தெரிகிறதா என்று பார்த்தேன். கொஞ்சம் தெரிகிறது.

1901இல் ஆம்பூரில் சுமார் 16,000 பேர். 2011இல் 1,14,608. ஏழு மடங்கு. வாணியம்பாடி 95,061. இந்த இரண்டு ஊரை மட்டும் கூட்டினால் திருப்பத்தூர் மாவட்டத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. ஆற்றில் தண்ணீர் குறையக் குறைய ஆற்றோர ஊர்களில் ஆட்கள் கூடியிருக்கிறார்கள். விவசாயம் இழுத்துக் கூட்டியது இல்லை, தோல்.

முதலில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். காட்டில் கிடைத்தது, வண்டி கட்டி வந்தது. பட்டையில் ஊறப்போட்டுத் தோல் பதமாக வாரக்கணக்கில் ஆகும். ஆற்றுத் தண்ணீர், மலையின் பட்டை, 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வந்து பிறகு மேற்கே நீண்ட ரயில், சென்னைத் துறைமுகம். நாலும் சேர்ந்த இடம் இந்தப் பள்ளத்தாக்கு. பிறகு குரோமியம் உப்பு வந்தது. வாரக்கணக்கு நாள்கணக்கானது. 1970களில் பச்சைத்தோலும் பாதி பதப்படுத்திய தோலும் ஏற்றுமதியாவதை மத்திய அரசு கட்டுப்படுத்தி, முழுசாகச் செய்து விற்கச் சொன்னது. அதற்கப்புறம்தான் பதனிட்ட தோலிலிருந்து ஷூவின் மேல்பாகத்துக்கும், முழு ஷூவுக்கும் எங்கள் ஊர் ஏறியது.

ஆம்பூர் நகரத்தில் ஏறத்தாழ பாதிப் பேர் முஸ்லிம்கள். தோல் வியாபாரத்தைக் கடல் கடந்து கொண்டுபோனதில் அவர்கள் பங்கு பெரிது. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இலேயே வந்துவிட்டது. எங்கள் வகுப்பில் ஒரே பெஞ்சில் வீட்டில் உருது பேசுகிறவன், தெலுங்கு பேசுகிறவன், தமிழ் பேசுகிறவன் மூன்று பேரும் உண்டு. சண்டை வந்தால் மூன்று மொழியிலும் திட்டத் தெரிந்தவன்தான் ஜெயிப்பான். பழைய வேலூர் மாவட்டத்தில் ஐந்தில் ஒருவருக்கு மேல் தாழ்த்தப்பட்ட சாதியினர். பச்சைத்தோலைக் கையால் தொட்டுத் தூக்கி, சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அவர்கள்தான். முதலாளி யார் என்று எழுதுகிறபோது தொட்டியில் நின்றவர் யார் என்றும் எழுதாவிட்டால் அது பாதிக் கணக்கு.

இங்கே வேலை கிடைக்காதவர்கள் ஆற்றை எதிர்த்துப் போனார்கள். ஆயாவின் அண்ணன் கோலார் தங்க வயலுக்குப் போனவர். வட ஆற்காட்டிலிருந்து அப்படிப் போனவர்கள் ஏராளம். ஜோலார்பேட்டை வழியாக ரயில் ஏறினால் பங்காருப்பேட்டை, அங்கிருந்து சுரங்கம். அங்கே அவர்கள் குடித்த தண்ணீரும் பேத்தமங்கலம் ஏரியில் தேக்கிய பாலாற்றுத் தண்ணீர்தான். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அந்தக் குடும்பம் திரும்பி வரவில்லை, பெங்களூருக்குப் போய்விட்டது. கணக்கெடுப்பில் அவர்கள் கர்நாடகத்துக்காரர்கள். மஞ்சள் நீராட்டு என்றால் முதல் பஸ்ஸில் வந்து இறங்குகிற அத்தை எந்த மாவட்டம்?

1,007 பெண்கள் என்ற எண்ணையும் யோசித்துப் பார்த்தேன். அதற்கு முழுக் காரணம் சொல்லும் அளவுக்கு எனக்குப் படிப்பு போதாது. ஆனால் அந்தப் பெண்கள் காலையில் எங்கே போகிறார்கள் என்று சொல்ல முடியும். ஏழு மணிக்கு எங்கள் பஸ் ஸ்டாப்பில் வந்து பாருங்கள். டிபன் பாக்ஸ், தலையில் பூ, கழுத்தில் அடையாள அட்டை. ஷூ கம்பெனி பஸ் வரிசையாக வரும். ஷூ கம்பெனிகளில் தைக்கும் வேலையில் பெண்கள்தான் அதிகம். அம்மா 2006இல் இருந்து மேல்பாகம் தைக்கும் மெஷினில் உட்காருகிறாள். ஜெர்மனியிலோ இத்தாலியிலோ யாரோ போட்டுக்கொண்டு நடக்கிற ஷூவில் அம்மாவின் தையல் இருக்கும். அம்மா போடுவது ரப்பர் செருப்பு. நான் பி.காம். படிப்பது அந்தத் தையலில்.

இன்னொரு கணக்கு

தாத்தா ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை எண்ணப்பட்டவர்.

1972இல் வாங்கிய அந்த நிலம் ஆற்றங்கரையோரம் ஒன்றரை ஏக்கர். நெல், கொஞ்சம் தென்னை. அப்பா சின்னப் பையனாக இருக்கும்போதே கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்க ஆரம்பித்துவிட்டதாம். பச்சைத்தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் கொண்டுவருவார்கள். அதைக் கழுவின உப்பு, சுண்ணாம்பு, குரோமியம் எல்லாம் ஆற்றுக்கும் ஓடைக்கும் போனது. ஆற்றில் வெள்ளம் ஓடிய காலத்தில் அது கரைந்து போயிருக்கும். காய்ந்த ஆற்றில் எங்கே போகும்? மண்ணுக்குள் இறங்கியது. தென்னை முதலில் காய் சிறுத்தது, பிறகு மட்டை காய்ந்தது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் என்ற அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பு. சட்டம் படிக்கிற நண்பர்களுக்கு இது மனப்பாடமாக இருக்கும். மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அழுத்தமாகச் சொன்ன தீர்ப்பு அது. தோல் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுசோ கெட்டுப்போனதாக அதில் பதிவாகியிருக்கிறது. பிறகு வந்த ஆணையம் 2001இல் ஒரு பட்டியல் போட்டது. பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர். இழப்பீடு சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய்.

கால்குலேட்டர் கையில் இருக்கும்போது வகுக்காமல் இருக்க முடியுமா? தலைக்கு 9,187 ரூபாய். அந்தப் பட்டியலில் தாத்தாவும் ஒருவர். அவருக்கு வந்தது சராசரியைவிடக் கொஞ்சம் அதிகம். ஒரு கறவை மாடு வாங்கினார். மாடும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காது, முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும் என்று ஆயா சொல்லும்.

அதற்குப் பிறகு எதுவும் மாறவில்லை என்று சொன்னால் பொய். கழிவுநீரைப் பொதுவாகச் சேர்த்துச் சுத்திகரிக்கும் நிலையங்கள் வந்தன. உப்பைப் பிரித்துத் தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்தும் முறை வந்தது. ஆனால் 2015 ஜனவரி 31இல் ராணிப்பேட்டை சிப்காட்டில் அப்படிப்பட்ட ஒரு நிலையத்தின் கழிவுத்தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் எங்கள் ஊர்க் கணக்கிலும் இல்லை. 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மறுபடி ஒரு தீர்ப்பு சொன்னது. பாக்கி இருக்கும் இழப்பீட்டைக் கொடு, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு போட்டு ஆற்றைச் சரிசெய் என்று. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் நடுவில் இருபத்தெட்டு வருஷம். எங்கள் மாவட்டம் இரண்டு பெயரைக் கடந்துவிட்டது.

இதில் நான் எந்தப் பக்கம் என்று நண்பர்கள் கேட்பார்கள். தாத்தாவின் நிலத்தை எடுத்துக்கொண்ட அதே தோல்தான் என் கல்லூரிக் கட்டணம். வீட்டிலேயே பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். தாத்தாவும் அம்மாவும் இதைப் பற்றி ஒருநாளும் சண்டை போட்டதில்லை. தாத்தா கடைசிவரை அம்மாவின் கம்பெனி பஸ் வரும் நேரத்துக்குத் திண்ணையில் வந்து உட்காருவார், அவ்வளவுதான். தோல் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கிணற்றைக் கெடுக்காமல் செய், கெடுத்தவன் கொடு என்று சொல்ல வரும்.

இந்த நேரத்தில் கோடு போட்டு மூன்றாகப் பிரித்ததுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் வந்தது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் இப்போது ஆறு வாணியம்பாடி, ஆம்பூரில் திருப்பத்தூர் மாவட்டம். பள்ளிகொண்டாவில் வேலூர். ஆற்காட்டில் ராணிப்பேட்டை. பேரணாம்பட்டு வேலூர் மாவட்டம், ஆனால் அங்கிருந்து தினமும் ஆம்பூருக்கு வேலைக்கு வருகிறார்கள். உப்புக்கு எல்லைக்கோடு தெரியாது. "அது எங்க லிமிட் இல்ல" என்று சொல்ல முன்பு ஒரு கலெக்டர் ஆபீஸ், இப்போது மூன்று.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளாக வைத்து 2025 ஜூனில் அறிவித்திருக்கிறார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாராவது ஒரு டீச்சர் வந்து உட்காருவார். பிறந்த இடம் எது, எந்த மாவட்டம் என்று கேட்பார். ஆயா என்ன சொல்லும் என்று இப்போதே கேட்டுப் பார்த்தேன்.

"ஆத்துக்கு இந்தாண்டன்னு எழுதிக்கச் சொல்லு."

"அப்படியெல்லாம் எழுத முடியாது ஆயா, மாவட்டம் சொல்லணும்."

"நானா மாத்துனேன்? மாத்துனவனக் கேட்டு எழுதிக்கச் சொல்லு."

தங்கைக்கு அன்றைக்குப் பள்ளிக்கூடம் இருந்தாலும் லீவு போடுவாளாம். தன்னை எண்ணுவதைத் தானே பார்க்கவேண்டுமாம். அன்றைக்குத்தான் தாத்தா கணக்கிலிருந்து இறங்குவார். செத்துப் பல வருஷம் ஆனவருக்காக எதற்கு வருத்தம் என்று தெரியவில்லை, ஆனாலும் அதை நினைத்தால் தொண்டையில் ஏதோ அடைக்கிறது. 11,11,812 என்ற எண்ணை இனிமேல் எங்கே பார்த்தாலும் கடைசி 2இல் ஒன்று அவர்தான் என்று வைத்துக்கொள்ளப் போகிறேன்.

உதவித்தொகை என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். ஒரு வக்கீலிடம் போய், நாலு மாவட்டமும் ஒரே இடம்தான் என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். செலவு எண்ணூறு ரூபாய். உதவித்தொகை வந்தால் அதில் கழித்துக்கொள்ள வேண்டியதுதான்.

உங்கள் வீட்டு பீரோவிலும் பழைய காகிதம் இருக்கும். எடுத்து மாவட்டம் என்ற இடத்தை மட்டும் பாருங்கள். உங்கள் தாத்தா எத்தனை மாவட்டத்தில் வாழ்ந்தார் என்று தெரியும். அவருக்கே தெரியாமல் :-)